வடுவைச் சுற்றி ஓடும் அலை

உங்கள் இடக்கை மணிக்கட்டில், கட்டைவிரலுக்கு நேர் கீழே, வலக்கையின் மூன்று விரல்களை மெல்ல அழுத்தி வைத்துப் பாருங்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிடம் எண்ணுங்கள். எழுபது, எழுபத்தைந்து என்று ஓர் எண் கிடைக்கும். மாடிப்படி ஏறி இறங்கிவிட்டு எண்ணினால் அது நூறைத் தாண்டும். சற்று உட்கார்ந்தால் தானாகவே பழைய எண்ணுக்கு வந்துவிடும். தேவைக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் இதயத்துக்குத் தெரியும்.

இப்போது இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவரை மனத்தில் நிறுத்துங்கள். பிறக்கும்போதே அவருடைய இதயத்தில் ஒரு குறை இருந்தது. நான்கு வயதில் அறுவை சிகிச்சை செய்து அதைச் சரிப்படுத்தினார்கள். பிறகு பள்ளி, கல்லூரி, வேலை என்று எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. நெஞ்சின் நடுவில் ஒரு நீண்ட தழும்பு மட்டும் மிச்சம். ஒரு நாள் பேருந்துக்காக நின்றுகொண்டிருக்கிறார். ஓடவில்லை, பயப்படவுமில்லை. திடீரென்று நாடி நிமிடத்துக்கு இருநூறு என்று பறக்கிறது. கண் இருட்டுகிறது. நிழற்குடையின் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிகிறார்.

இவருக்கு நேர்ந்தது என்ன? இருபது ஆண்டுகளுக்கு முன் செய்த அறுவையில் தவறு நேர்ந்ததா? இல்லை. அது நன்றாகவே செய்யப்பட்டது. அது இல்லாவிட்டால் அவர் இன்று பேருந்து நிறுத்தத்தில் நின்றிருக்கவே மாட்டார். ஆனாலும் அவருடைய இன்றைய தொல்லைக்குக் காரணம் அந்த அறுவையின் வடுதான். உயிர் காத்த வடுவே எப்படித் தொல்லை ஆயிற்று, அந்தத் தொல்லையைத் தீர்க்க மருத்துவர்கள் எப்படி மற்றொரு வடுவையே மருந்தாக்கினார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள். இதில் மருத்துவத்துக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அவ்வளவு பங்கு பௌதிகத்துக்கும் உண்டு.

இதயத்தின் மின்சாரம்

இதயம் ஒரு தசைப்பை. மேலே இரண்டு ஆரிக்கிள்கள், கீழே இரண்டு வெண்ட்ரிக்கிள்கள். தசை சுருங்குவதற்கு ஒரு கட்டளை வேண்டும். அந்தக் கட்டளை மின் அலையாக வருகிறது. அது பிறக்கும் இடம் வலது ஆரிக்கிளின் மேற்பகுதியில் உள்ள ஒரு சிறு திசுக்கூட்டம். 1907-ம் ஆண்டில் ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் என்ற இரு பிரிட்டிஷ் அறிஞர்கள் அதை விவரித்தார்கள். எஸ்.ஏ. கணு என்று நம் பாடநூல்கள் கூறுவது அதைத்தான்.

அங்கே பிறக்கும் அலை இரு ஆரிக்கிள்களிலும் பரவி, அவற்றுக்கும் வெண்ட்ரிக்கிள்களுக்கும் இடையே இருக்கும் ஒரே வாசலுக்கு வந்து சேர்கிறது. அந்த வாசல் ஏ.வி. கணு. சுனாவோ தவாரா என்ற ஜப்பானிய அறிஞர் ஜெர்மனியில் ஆய்வு செய்து 1906-ல் அதை விவரித்தார். வாசலில் அலை ஏறத்தாழ பத்தில் ஒரு வினாடி தாமதிக்கிறது. மேலறைகள் சுருங்கிக் கீழறைகளை நிரப்ப அந்த அவகாசம் வேண்டும். பிறகு அலை கீழறைகளில் விரைந்து பரவுகிறது. அவை சுருங்குகின்றன. உங்கள் விரலுக்குத் தட்டுப்பட்ட நாடி அதுவே.

இந்த அலையைத் தாளில் பதிக்கும் முறையை ஹாலந்து நாட்டின் லெய்டன் நகரில் வில்லெம் ஐந்தோவன் உருவாக்கினார். காந்தப் புலத்தின் நடுவே மிக மெல்லிய இழை ஒன்றைத் தொங்கவிட்டு, அதன் அசைவைக் கொண்டு இதய மின்சாரத்தை அளந்தார். இ.சி.ஜி. என்று இன்று எல்லோரும் அறிந்த சோதனையின் தொடக்கம் அது. 1924-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அலையைப் பற்றி ஒரு செய்தியை மட்டும் நன்றாக நினைவில் வையுங்கள். தசையின் ஒரு பகுதியில் அலை கடந்து சென்றதும், அப்பகுதி சிறிது நேரம் இளைப்பாறுகிறது. அந்த நேரத்தில் மற்றோர் அலை வந்தாலும் அது ஏற்காது. ஏறத்தாழ கால் வினாடி நீடிக்கும் இந்த இளைப்பாறல்தான் நம்மைக் காக்கிறது. எல்லாப் பகுதியும் இளைப்பாறிக் கொண்டிருக்கும்போது அலை போக இடமின்றி அணைந்துவிடுகிறது. அடுத்த துடிப்புக்கு எஸ்.ஏ. கணு புதிதாகக் கட்டளை தர வேண்டியிருக்கிறது.

வளையத்தில் நிற்கும் மாணவர்கள்

அந்த அலை அணையாமல் சுற்றிக்கொண்டே இருந்தால்? என் வகுப்பில் இதை மாணவர்களைக் கொண்டே செய்துகாட்டுவதுண்டு. நீங்களும் செய்து பார்க்கலாம்.

இருபது பேரை வட்டமாக நிறுத்துங்கள். விதி இதுதான்: ஒருவர் தோளைத் தொட்டால், அரை வினாடியில் அவர் மறுபக்கத்தவரின் தோளைத் தொட வேண்டும். தொட்ட பின் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து வினாடி எண்ண வேண்டும். எண்ணி முடிக்கும்வரை யார் தொட்டாலும் அசையக் கூடாது. முதலாமவர் இருபக்கமும் உள்ளவர்களைத் தொட்டுத் தொடங்கட்டும். இரண்டு அலைகள் எதிரெதிராகப் புறப்பட்டு, வட்டத்தின் மறுகோடியில் சந்திக்கும். இரண்டுக்கும் எதிரே கண்ணை மூடியவர்களே இருப்பார்கள். அலைகள் அணைந்துவிடும். இது நலமான இதயம்.

இரண்டாம் முறை, முதலாமவரின் வலப்பக்கத்தில் நிற்பவர் தொடக்கத்தில் மட்டும் கைகட்டி அசையாமல் இருக்கட்டும். அலை இடப்பக்கமாக மட்டும் போகும். சுற்றி வருவதற்குப் பத்து வினாடி ஆகும். அதற்குள் கைகட்டியவர் கையை அவிழ்த்திருப்பார், முதலாமவரும் கண் திறந்திருப்பார். அலை அவர்களைக் கடந்து மறுபடி சுற்றும். மணி அடிக்கும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும்!

மூன்றாம் முறை, ஆறு பேரை மட்டும் நிறுத்துங்கள். மூன்று வினாடியில் அலை சுற்றி வந்துவிடும். முதலாமவர் இன்னும் எண்ணி முடிக்கவில்லை. அலை அணைந்துவிடும். அதே ஆறு பேரையும் ஒவ்வொரு தொடுகைக்கும் ஒரு வினாடி எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இப்போது சுற்று ஆறு வினாடி. அலை பிழைத்துக்கொள்ளும்! சிறு வளையத்திலும் அலை மெதுவாகப் போனால் நிற்காது.

ஆகவே மூன்று நிபந்தனைகள்: நடுவில் அலை நுழைய முடியாத ஒரு தீவு, தொடக்கத்தில் ஒரு பக்கம் மட்டும் தடை, வளையத்தின் நீளத்துக்கு ஏற்ற மெதுவான ஓட்டம். கணக்காகச் சொன்னால், அலையின் வேகத்தை இளைப்பாறும் நேரத்தால் பெருக்கினால் ஒரு நீளம் கிடைக்கும். வளையம் அதைவிடப் பெரிதாக இருந்தால் அலை ஓயாது. எடுத்துக்காட்டாக, வேகம் வினாடிக்கு 80 செ.மீ., இளைப்பாறல் 0.2 வினாடி என்றால் 16 செ.மீ. வேகம் பாதியானால் 8 செ.மீ. வளையமே போதும்.

இதை முதலில் கண்டவர் அமெரிக்க உயிரியலாளர் ஆல்ஃபிரட் மேயர். கடற்கரையில் சொறிமீன் என்று சொல்லும் ஜெல்லி மீனின் உடலை அவர் வளையமாக வெட்டி, ஒரு பக்கமாக மட்டும் அலையைச் செலுத்தினார். அது நாட்கணக்கில் சுற்றியது. அவர் இதை வெளியிட்டது 1906-ல். பின்னர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் ரால்ஃப் மைன்ஸ் விலங்குகளின் இதயத் தசையை வளையமாக்கி அதே சோதனையைச் செய்து, 1913-லும் 1914-லும் எழுதினார். சுழலும் அலைதானா என்று ஐயம் வந்தால் சோதிக்க அவர் சொன்ன வழி எளியது: வளையத்தை ஓரிடத்தில் வெட்டு. சுழலும் அலையாக இருந்தால் அது உடனே நின்றுவிடும். 1914 நவம்பரில், கானடாவின் மக்கில் பல்கலைக் கழகத்தில், 28 வயதில் அவர் இறந்தார். அவர் எழுதிய அந்த ஒரு வரிச் சோதனை, அரை நூற்றாண்டுக்குப் பின் ஒரு சிகிச்சையாயிற்று.

நீலக் குழந்தைகள்

இனி இதய அறுவையின் கதைக்கு வருவோம். 1888-ல் பிரான்சின் மார்செய் நகர மருத்துவர் ஆர்தர் ஃபாலோ, உடல் நீலம் பாய்ந்த நோயாளிகளின் இதயங்களில் நான்கு குறைகள் சேர்ந்து வருவதை விவரித்தார். கீழறைகளுக்கு இடையே ஓட்டை. நுரையீரலுக்குச் செல்லும் வழியில் குறுக்கம். மகாதமனி ஓட்டையின் மேல் நகர்ந்திருத்தல். வலது வெண்ட்ரிக்கிள் தடித்தல். இக்குறை கொண்ட குழந்தைகள் நாலடி நடந்தால் மூச்சிரைத்துக் குந்திவிடுவார்கள். உதடும் நகமும் நீலமாகும். பலர் வாலிபத்தை எட்டியதில்லை.

1944 நவம்பர் 29-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஆல்ஃபிரட் பிளேலாக், ஹெலன் டௌஸிக், விவியன் தாமஸ் ஆகியோரின் உழைப்பால் இக்குழந்தைகளுக்கு முதல் அறுவை நடந்தது. அது இதயத்தைத் திறக்காமல் வெளியே குழாய் இணைத்து நுரையீரலுக்கு இரத்தம் கூட்டியது. குறை அப்படியே இருந்தது. 1953-ல் ஜான் கிப்பன் இதய-நுரையீரல் இயந்திரத்தின் உதவியால் இதயத்தைத் திறந்து ஓட்டையை மூடினார். 1954 ஆகஸ்ட் 31-ல் மின்னசோட்டா பல்கலைக் கழகத்தில் வால்ட்டன் லில்லிஹை, ஃபாலோவின் நான்கு குறைகளையும் உள்ளிருந்தே திருத்தினார். இயந்திரத்துக்குப் பதிலாக மற்றொரு மனிதரின் இரத்த ஓட்டத்தையே நோயாளிக்கு இணைத்துச் செய்த அறுவை அது.

வலது வெண்ட்ரிக்கிளின் சுவரை வெட்டித் திறப்பார்கள். ஓட்டைக்கு ஒட்டுப் போடுவார்கள். குறுகிய வழியை அகலப்படுத்துவார்கள். பிறகு தைத்து மூடுவார்கள். மேசையின் மேல் நீலமாகக் கிடந்த குழந்தை இளஞ்சிவப்பாக எழுந்திருக்கும்.

தாளக் கோளாறு அப்போதே தலைகாட்டியது. ஆனால் அது வேறு வகை. ஓட்டையை மூடும் தையல் சிலருக்கு ஏ.வி. கணுவிலிருந்து இறங்கும் மின்பாதையைக் கெடுத்தது. நாடி அளவுக்கு மீறிக் குறைந்தது. சுவர் மின்சாரத்தில் இயங்கும் பெட்டி ஒன்றால் இதயத்தைத் தூண்டினார்கள். 1957 அக்டோபர் இறுதியில் அந்நகரில் மின்சாரம் தடைப்பட்டது. அந்தப் பெட்டிகளை நம்பியிருந்த குழந்தைகளின் ஆபத்து அப்போது வெளிச்சமாயிற்று. லில்லிஹை கேட்டுக்கொண்டதன் பேரில் ஏர்ல் பாக்கன் என்ற மின்பொறியாளர், சங்கீதத் தாளம் தட்டும் கருவிக்கான டிரான்ஸிஸ்டர் சுற்று ஒன்றைப் பத்திரிகையிலிருந்து எடுத்து மாற்றி, பாட்டரியில் இயங்கும் சிறு பேஸ்மேக்கரைச் சில வாரங்களில் செய்துவிட்டார். உடனடித் தொல்லைக்கு விடை கிடைத்தது. மெல்ல வரும் தொல்லை பின்னால் காத்திருந்தது.

இருபது ஆண்டு கழித்து

1955 முதல் 1960 வரை மேயோ மருத்துவமனையில் ஃபாலோ குறைக்கு அறுவை செய்துகொண்டு முதல் மாதத்தைத் தாண்டிய 163 பேரைப் பற்றிய கணக்கு 1993-ல் வெளியாயிற்று. 32 ஆண்டுகளுக்குப் பின் 86 சதவிகிதம் பேர் உயிரோடு இருந்தார்கள். நீலக் குழந்தைகளுக்கு இது மகத்தான வெற்றி. ஆனால் அதே வயதுள்ள பொதுமக்களில் அந்த எண் 96. இடையில் உள்ள பத்து சதவிகிதத்தில், நன்றாக நடமாடிக் கொண்டிருந்து திடீரென்று இறந்தவர்களும் இருந்தார்கள்.

நம் மூன்று நிபந்தனைகளையும் நினைத்துப் பாருங்கள். வெட்டித் தைத்த இடத்தில் தசை போய் நார்த்திசு வந்திருக்கிறது. மின் அலை அதில் நுழையாது. தீவு தயார். வடுவின் விளிம்பில் உயிருள்ள தசை இழைகளும் நாரும் பின்னிக் கிடக்கின்றன. அங்கே அலை சந்து பொந்தில் நடப்பது போல மெதுவாகப் போகிறது. வேகம் குறைந்தாயிற்று. என்றோ ஒரு நாள் வேளை தவறிப் பிறக்கும் ஒரு துடிப்பு, வடுவின் ஒரு பக்கத்தில் தடைப்பட்டு மறுபக்கமாகப் புறப்படுகிறது. மூன்றும் கூடிவிட்டன.

அப்படியானால் ஏன் இருபது ஆண்டு காத்திருக்க வேண்டும்? அறை விரிவடைய அவ்வளவு காலம் பிடிக்கிறது. ஃபாலோ அறுவையில் நுரையீரல் தமனியின் வால்வு பல சமயம் ஒழுகும் நிலையில் விடப்படுகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இரத்தம் கொஞ்சம் பின்னோக்கி வருகிறது. வலது வெண்ட்ரிக்கிள் ஆண்டுதோறும் சற்றே பெருக்கிறது. தசை இழுபடுகிறது, நார் மிகுகிறது, வளையத்தின் நீளம் கூடுகிறது, அலையின் வேகம் குறைகிறது. ஐந்தோவனின் தாளில் இதை அளக்கலாம். வெண்ட்ரிக்கிளைக் குறிக்கும் அலைவடிவம் நலமானவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒரு வினாடி அகலமே இருக்கும். 2000-ம் ஆண்டில் மைக்கேல் கட்ஸூலிஸும் பல நாட்டு மருத்துவர்களும் சேர்ந்து 793 ஃபாலோ நோயாளிகளை ஆராய்ந்து, அந்த அகலம் 0.18 வினாடியை எட்டினால் ஆபத்து மிகுதி என்று காட்டினார்கள்.

மேலறைகளிலும் இதே கதை. மகாதமனியும் நுரையீரல் தமனியும் இடம் மாறிப் பிறந்த குழந்தைகளுக்காக டொரான்டோவின் வில்லியம் மஸ்டர்ட் 1963-ல் ஓர் அறுவையை வகுத்தார். ஆரிக்கிளுக்குள் தடுப்பு ஒன்று தைத்து இரத்தத்தின் பாதையை மாற்றுவது அதன் முறை. உயிர் பிழைத்தார்கள். ஆனால் ஆரிக்கிள் முழுவதும் தையல் வடு. அவர்களில் பலருக்குப் பிற்காலத்தில் மேலறையில் அலை சுழலத் தொடங்கியது.

மேலறை அலையில் ஒரு சூட்சுமம் உண்டு. சாதாரணமானவருக்கு ஆரிக்கிள் நிமிடத்துக்கு 300 முறை சுழன்றாலும், வாசற்காவலனாகிய ஏ.வி. கணு பாதியைத் தடுத்து 150-ஐத்தான் கீழே விடும். வடு விழுந்து விரிந்த ஆரிக்கிளில் சுழற்சி 200 என்ற அளவில் மெதுவாக இருக்கும். மெதுவாக இருப்பது நல்லதுதானே என்று தோன்றும். இல்லை! 200 என்றால் காவலன் தடுக்காமல் ஒவ்வொன்றையும் விட்டுவிடக்கூடும். கீழறையும் 200 முறை துடிக்கும். நிரம்ப நேரமில்லாத அறையிலிருந்து மூளைக்கு இரத்தம் போதாது. நாம் தொடக்கத்தில் கண்ட இளைஞர் சரிந்தது இப்படித்தான்.

வளையத்தை வெட்டுதல்

மருந்துகள் உண்டு. ஆனால் அலையை மெதுவாக்கும் மருந்து சில சமயம் சுழற்சிக்கே உதவிவிடும் என்பது மேலே சொன்ன கணக்கிலிருந்து உங்களுக்கே விளங்கும். வேறு வழி மைன்ஸ் சொன்ன வழி.

1968 மே 2-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக் கழகத்தில் வில் சீலி என்ற அறுவை மருத்துவர் அதைச் செய்தார். நோயாளி வட கரோலினாவைச் சேர்ந்த ஒரு மீனவர். பிறவியிலேயே அவருடைய மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே கூடுதலாக ஒரு மின்பாதை இருந்தது. இயற்கையான வாசல் வழியாக இறங்கி இந்தக் கள்ள வழியாக ஏறி அலை சுழன்றது. மின்வாய் கொண்டு இதயத்தின் மேற்பரப்பைப் புள்ளி புள்ளியாகத் தொட்டு வரைபடம் தயாரித்து, அந்தப் பாதையைக் கண்டு, வெட்டினார்கள். சுழற்சி நின்றது. தாளக் கோளாறை வெட்டித் தீர்க்கலாம் என்பது அன்று மெய்யாயிற்று.

1980-ல் ஃபிலடெல்ஃபியாவில் ஆல்டன் ஹார்க்கன், லெனார்டு ஹாரோவிட்ஸ், மார்க் ஜோசஃப்சன் ஆகியோர் இந்த முறையை ஃபாலோ அறுவை செய்துகொண்டவர்களுக்குப் பயன்படுத்தியதை வெளியிட்டார்கள். 1987 செப்டம்பர் 25-ல் செயின்ட் லூயிஸ் நகரில் ஜேம்ஸ் காக்ஸ் மேலும் துணிந்தார். ஆரிக்கிளில் அலை ஒன்றல்ல, பல சுழல்களாகச் சிதறும் நோய்க்கு, இரு மேலறைகளிலும் திட்டமிட்டு வெட்டுக்கோடுகள் போட்டுத் தைத்தார். எஸ்.ஏ. கணுவிலிருந்து புறப்படும் அலை எல்லாத் தசைக்கும் போய்ச் சேரும், ஆனால் எங்கும் ஒரு முழுச்சுற்று சுற்ற முடியாது. அதற்குச் சிக்கல்வழி என்று பொருள்படும் 'மேஸ்' என்ற பெயரே நிலைத்தது.

வெட்டினால் மேலும் ஒரு வடு வருமே, அதையும் சுற்றி அலை ஓடாதா என்று நீங்கள் கேட்கலாம். மிகச் சரியான கேள்வி. விடைக்குக் கோயில் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். கோயிலைச் சுற்றி நான்கு மாட வீதிகள். நடுவே கோயில் இருப்பதால்தான் தேர் சுற்ற முடிகிறது. தேரை நிறுத்தக் கோயிலை இடிக்க வேண்டியதில்லை. ஒரு வீதியில், கோயில் மதிலிலிருந்து எதிர்வீட்டுத் திண்ணைவரை குறுக்குச் சுவர் எழுப்பினால் போதும். ஆனால் சுவர் இரு பக்கமும் முட்ட வேண்டும். நடுத்தெருவில் நின்றுவிட்ட அரைச்சுவர், சுற்றிவர மற்றொரு தீவாகிவிடும். இடைவெளி விட்டால் அலை அதில் நுழைந்து மெதுவாகப் போய் முன்னைவிடத் தொல்லை தரும்.

இதயத்திலும் அதுவே விதி. பழைய வடுவை எடுக்க முடியாது, எடுக்க வேண்டியதும் இல்லை. அந்த வடுவிலிருந்து, இயற்கையிலேயே மின்சாரம் பாயாத ஒரு விளிம்புவரை, எடுத்துக்காட்டாக வால்வின் வளையம்வரை, இடைவெளியின்றி ஒரு கோடு இழுக்க வேண்டும். தீவு கரையோடு சேர்ந்துவிடும். தீவு இல்லையேல் சுற்று இல்லை.

குளிரால் போடும் கோடு

அந்தக் கோட்டைக் கத்தியால் போட்டுத் தைப்பதற்குப் பதிலாகக் குளிராலும் போடலாம். இதை டியூக் பல்கலைக் கழகக் குழு 1977-ல் வெளியிட்டது. அழுத்தத்தில் உள்ள வாயுவை நுண்துளை வழியே விரியவிட்டால் குளிர்கிறது. இது நீங்கள் படித்த ஜூல்-தாம்ஸன் விளைவே. எல்லா வாயுவும் அறை வெப்பநிலையில் இப்படிக் குளிராது; ஹைட்ரஜனும் ஹீலியமும் சூடாகும். நைட்ரஸ் ஆக்சைடு நன்கு குளிரும். அதை ஒரு உலோகக் கோலின் நுனிக்குள் விரியவிட்டால் நுனி சுமார் மைனஸ் 60 டிகிரி சென்டிகிரேடுக்குப் போகும். பிற்காலத்தில் ஆர்கான் வாயுவைப் பயன்படுத்தி மைனஸ் 100-க்கும் கீழே இறங்கினார்கள்.

அந்த நுனியை இதயச் சுவரில் ஓரிரு நிமிடம் வைத்தால் தசைச் செல்கள் உறைந்து இறக்கும். ஆனால் சுவரைத் தாங்கும் நார்ச்சட்டம் சிதையாது. சுவர் கிழியாது, தையலும் வேண்டாம். மின்சாரத்துக்கு மட்டும் அங்கே வழி அடைபட்டுவிடும்.

போர்தோவிலிருந்து சிகாகோவுக்கு

இந்தக் கருவிகள் எல்லாம் ஒன்றுசேர்ந்த இடம், இதய அறுவையின் மிகக் கடினமான ஒரு பகுதி. சில குழந்தைகள் மூவிதழ் வால்வே இல்லாமல் பிறக்கின்றன. வலது வெண்ட்ரிக்கிளும் வளர்வதில்லை. ஒரே ஒரு கீழறைதான் பயன்படும். 1968-ல் பிரான்சின் போர்தோ நகரில் ஃபிரான்ஸிஸ் ஃபோன்டான் துணிச்சலான வழி கண்டார். இருக்கும் ஒரு கீழறை உடலுக்கு இரத்தம் அனுப்பட்டும். உடலிலிருந்து திரும்பும் இரத்தம் வலது ஆரிக்கிள் வழியாக நேரே நுரையீரலுக்குப் போகட்டும் என்று இணைத்துவிட்டார். 1971-ல் அதை வெளியிட்டார். அதுவரை கைவிடப்பட்ட குழந்தைகள் வளரத் தொடங்கினார்கள்.

ஆரிக்கிள் ஒரு சிறு பம்பாக உதவும் என்று அன்று நினைத்தார்கள். ஆனால் மெல்லிய சுவர் கொண்ட ஆரிக்கிள் அவ்வளவு அழுத்தத்துக்காகப் படைக்கப்பட்டதல்ல. பலூனை ஊதியிருக்கிறீர்களா? உள்ளழுத்தம் ஒன்றாகவே இருந்தாலும், ஆரம் பெருகப் பெருகச் சுவரின் இழுவிசை கூடும். லாப்லாஸ் விதி கூறுவது இதுவே. விரிந்த ஆரிக்கிள் மேலும் விரிந்தது. சுவர் தடித்தது, வடுக்கள் இழுபட்டன, அலை சுழன்றது. உள்ளே இரத்தம் தேங்கிக் கட்டியாயிற்று. நோயாளிகள் ஆண்டுக்கு ஆண்டு தளர்ந்தார்கள். இங்கே ஃபோன்டானின் நேர்மையைச் சொல்லியாக வேண்டும். எல்லாம் பிழையின்றி நடந்த அறுவைக்குப் பின்னும் காலப்போக்கில் நிலைமை சரிகிறது என்று 1990-ல் கட்டுரை எழுதியவர்களில் முதற்பெயர் அவருடையதே.

இதற்கிடையில் லண்டனில் மார்க் டி லெவால் ஒரு பௌதிகச் சோதனை செய்தார். குழாய் வழியே நீரோட்டத்தைச் செலுத்தி, நடுவில் துடிக்கும் அறை ஒன்று இருந்தால் என்ன ஆகிறது என்று பார்த்தார். அந்த அறை உதவவில்லை, ஓட்டத்தின் ஆற்றலைச் சுழிப்பில் வீணடித்தது. ஆரிக்கிளை விட்டுவிட்டுப் பெருஞ்சிரைகளை நேராக நுரையீரல் தமனியோடு இணைப்பதே மேல் என்று 1988-ல் எழுதினார். புதிய குழந்தைகளுக்கு அம்முறை வந்தது. பழைய முறையில் அறுவை செய்துகொண்டு வளர்ந்துவிட்டவர்கள் என்ன செய்வது?

1994 இறுதியில் சிகாகோவின் குழந்தைகள் மருத்துவமனையில் அறுவை மருத்துவர் கான்ஸ்டன்டைன் மாவ்ருடிஸும், இதய மின்னியல் மருத்துவர் பார்பரா டீலும் ஒரு திட்டத்தைத் தொடங்கினார்கள். நெஞ்சை மறுபடியும் திறப்பது. பழைய இணைப்பைப் பிரிப்பது. இரத்தக் கட்டிகளை நீக்குவது. பலூனாகிவிட்ட ஆரிக்கிளின் சுவரை வெட்டிச் சிறிதாக்குவது. சுழற்சிப் பாதைகளில் குளிர்க் கோடுகள் போடுவது. சிரை இரத்தத்தை இதயத்துக்கு வெளியே ஒரு செயற்கைக் குழாய் வழியாக நுரையீரலுக்கு அனுப்புவது. கடைசியில் பேஸ்மேக்கர் பொருத்துவது. எல்லாம் ஒரே அறுவையில்! குழாய் வேலையை மட்டும் திருத்தி மின்வேலையை விட்டுவிட்டால் தாளக் கோளாறு திரும்பிவிடும் என்பது அவர்களுடைய பாடம். 2007-ல் 111 பேரின் அனுபவத்தை வெளியிட்டார்கள். இரண்டாவது, மூன்றாவது முறையாகத் திறக்கப்படும் நெஞ்சுகளில் இத்தனை வேலை செய்தும், அறுவையை ஒட்டி இறந்தவர் ஒருவரே.

மீண்டும் லெய்டனில்

ஒவ்வொருவருக்கும் நெஞ்சைத் திறக்க வேண்டுமா? வேண்டியதில்லை. தொடைச் சிரை வழியாகக் கதீட்டர் என்னும் மெல்லிய கம்பியைச் செலுத்தி, ரேடியோ அலை அதிர்வெண் மின்சாரத்தின் வெப்பத்தால் அதே கோட்டை உள்ளிருந்து போட முடிகிறது. இன்று பலருக்கு அதுவே முதல் வழி. வால்வு மாற்றவோ குழாய் திருத்தவோ எப்படியும் நெஞ்சைத் திறக்க வேண்டியவர்களுக்கு, அதே நேரத்தில் தாளத்தையும் திருத்திவிடுவதே அறுவை முறையின் இன்றைய இடம். திடீர் மரணத்தின் ஆபத்து மிகுந்தவர்களுக்கு, நாடி கட்டுமீறினால் தானே மின்னதிர்ச்சி தந்து திருத்தும் கருவியைப் பொருத்துகிறார்கள். 1980-ல் மிஷெல் மிரோவ்ஸ்கியின் முயற்சியால் மனிதருக்கு முதன்முதல் வைக்கப்பட்ட கருவி அது.

2007-ல் காத்யா ஸெப்பன்ஃபெல்டும் அவர் குழுவினரும், ஃபாலோ அறுவைக்குப் பின் கீழறையில் அலை சுழலும்போது அது நான்கு குறுகிய இடைவழிகளில் ஒன்றைக் கடந்தே தீர வேண்டும் என்று காட்டினார்கள். வடுவுக்கும் வால்வுக்கும் இடையே, ஒட்டுக்கும் வால்வுக்கும் இடையே என்று அந்த வழிகளுக்கு முகவரியே கொடுத்துவிட்டார்கள். அவற்றுள் முக்கியமான ஒன்று, புதிய வால்வு வைத்த பிறகு அதன் அடியில் மறைந்துவிடக்கூடும். பிறகு கதீட்டர் எட்டுவது கடினம். ஆகவே வால்வு மாற்றுமுன் அந்த வழியைச் சோதிப்பது நல்லது. இந்த ஆராய்ச்சி நடந்த ஊர் லெய்டன். ஐந்தோவன் இழையைத் தொங்கவிட்ட அதே ஊர்!

புதிய குழந்தைகளுக்கு வடுவே குறையும்படி அறுவைகளும் மாறியிருக்கின்றன. இடம் மாறிய தமனிகளையே மாற்றித் தைக்கும் முறையை பிரேசிலின் அடிப் ஜத்தேனே 1975-ல் நிறைவேற்றிய பின் மஸ்டர்ட் முறை மெல்ல வழக்கொழிந்தது. ஃபாலோ குறையிலும் வெண்ட்ரிக்கிளைப் பெரிதாக வெட்டாமல், ஆரிக்கிள் வழியாகவே உள்ளே சென்று திருத்துவது பல இடங்களில் வழக்கம்.

வாசகர்களே, உங்கள் வகுப்பிலோ தெருவிலோ வீட்டிலோ நெஞ்சின் நடுவே தழும்புடன் ஒருவர் இருக்கலாம். அது நீங்களாகவும் இருக்கலாம். "சின்ன வயதில் ஆபரேஷன் ஆயிற்று, எல்லாம் சரியாகிவிட்டது" என்று அவர் சொல்லுவார். அது பெரும்பாலும் உண்மை. ஆனால் இதயம் திருத்தப்பட்டது என்பதற்கு, இனிப் பார்க்க வேண்டியதே இல்லை என்று பொருளில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல அறை விரியலாம், அலை மெதுவாகலாம். எந்தத் தொந்தரவும் இல்லாதபோதும் குறித்த காலத்தில் இதய மருத்துவரிடம் போய் இ.சி.ஜி.யும் எதிரொலிச் சோதனையும் செய்துகொள்ள வேண்டும். பழைய அறுவையின் குறிப்புத் தாளைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்; எந்த இடத்தில் வெட்டினார்கள், எந்த இடத்தில் ஒட்டுப் போட்டார்கள் என்று அதில்தான் இருக்கும். இருபது ஆண்டு கழித்து அலையின் வழியைத் தேடப்போகும் மருத்துவருக்கு அதைவிட நல்ல வரைபடம் இல்லை. காரணமின்றி நாடி பறந்தாலோ, மயக்கம் வந்தாலோ, வெயில் என்றும் பசி என்றும் சொல்லி ஒதுக்கிவிடக் கூடாது.

இக்கட்டுரையின் தொடக்கத்தில் எண்ணிய நாடியை இப்போது மறுபடியும் எண்ணிப் பாருங்கள். நலமாக ஓடிக்கொண்டிருக்கிறதா? மகிழ்ச்சி. தழும்புள்ள அந்த நண்பரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்: "டாக்டரிடம் கடைசியாக எப்போது போனீர்கள்?"